புதுப்பிப்பு: 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் விற்றாகிவிட்டது

போன மாதம் விற்பனைக்குப் போட்டிருந்த என் 1965 எம்ஜிபி ரோட்ஸ்டரை (நிலையான கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பிரிஸ்டல்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன். வண்டி யார் கைக்குப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வண்டியில் சில பாகங்களை நான் மாற்றியிருந்ததைப் பார்த்து, "ஒரிஜினலாகவே விட்டிருக்கலாமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்த வருட கியர்பாக்ஸில் நாலே கியர், முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெரும் தொல்லை. அதனால்தான் ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பாக்ஸ் போட்டேன். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பதில் புதுவகை ஆல்டர்னேட்டர், இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே 12 வோல்ட். 1798 சிசி இன்ஜினையும் எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை கார்புரேட்டரையும் தொடவில்லை; அந்தச் சத்தத்தை மாற்ற மனசே வரவில்லை.

வந்தவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. நேராகத் தரையில் படுத்து, கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியைத் தட்டிப் பார்த்தார். இந்த வண்டிக்குத் தனி சேஸியும் (அடிச்சட்டம்) இல்லை, கூரையும் இல்லை, பலமெல்லாம் அங்கேதான். துருவை வெட்டி வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களைக் காட்டியதும் பேரம் பாதி முடிந்துவிட்டது. ரெஸ்டோர் செய்கிறவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள்.

கழற்றிய கியர்பாக்ஸையும் டைனமோவையும் வண்டியோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன். பழைய வயர் வீல்கள் (கம்பி ஆரம் வைத்த சக்கரங்கள்) மட்டும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.