மறுமொழி: பயோமார்க்கர் – 'உட்குறி' சரிவருமா?

ஐயா, வணக்கம். பயோமார்க்கர் (biomarker) என்பது உடலில் ஒரு நோயையோ மாற்றத்தையோ காட்டும், அளந்து அறியக்கூடிய பொருள். அதற்குத் தமிழில் 'உட்குறி' என்று வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக.

> உயிர்க்குறியீடு என்று ஏற்கனவே எழுதுகிறார்களே, ஏன் புதிதாக ஒன்று?

குறியீடு என்றதும் அஞ்சல் குறியீடு, பட்டைக்குறியீடு, மரபுக் குறியீடு என்றுதான் மனம் ஓடுகிறது. எச்சிலில் ஒரு புரதம் கூடிக் கிடப்பது அந்தச் சாதியில்லை. 'உயிர்ச்சுட்டி' என்றால் கணினி மவுஸ் வந்து நிற்கிறது. 'உயிரிகாட்டி' நல்ல சொல், ஆனால் காற்றின் மாசைக் காட்டிக்கொடுக்கும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுயிர்) போன்ற உயிர்களுக்கு அதை விட்டுவைக்கலாம்.

எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே பாக்கும் புகையிலையும் போடுபவர்களுக்கான வாய்ப்புற்று எச்சரிக்கைத் துண்டறிக்கையைத் தமிழாக்கும்போதுதான். கன்னத்தின் உட்புறம் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, பாக்கு மென்று மென்று வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவது, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. திருவனந்தபுரத்தில் நலப் பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தே சந்தேகத்துக்குரிய திட்டு உள்ளவர்களைப் பிரித்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. திட்டைக் கண்டுபிடிக்க அங்கே ஆய்வகம் தேவைப்படவில்லை.

வாய்ப்புற்று உள்ளவர்களின் உமிழ்நீரில் இன்டர்லூக்கின்-8 என்ற புரதம் கூடியிருப்பது அப்படியல்ல. வலிக்காது, கண்ணாடியில் தெரியாது, அளந்தால்தான் உண்டு. இரண்டையும் 'அறிகுறி' என்று எழுதிவிட்டால் படிப்பவர் இதையும் கண்ணாடி முன்னால் நின்று தேடுவார். அதனால்தான் அறிகுறிக்குப் பக்கத்திலேயே, ஆனால் அதோடு ஒட்டாமல், 'உட்குறி' என்று வைத்தேன்.

> 'குறி' என்றாலே வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் ஐயா. குறிக்கோளும் நிறுத்தற்குறியும் அதே வகுப்பில்தானே நடத்துகிறோம்! நான் பயந்தது குறி சொல்கிற குறியை நினைத்து. எச்சிலைக் கொடுத்தால் புற்று வருமா வராதா என்று சொல்லிவிடுவார்கள் என்று யாராவது எடுத்துக்கொண்டால்? ஈறு வீங்கியிருந்தாலும் இதே இன்டர்லூக்கின்-8 கூடும். ஒன்றை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் பலவற்றைச் சேர்த்து அளந்து பார்க்கிறார்கள். அப்போதும் முடிவு சொல்வது சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். யோசித்தால், பலிக்கலாம் பலிக்காமலும் போகலாம் என்கிற அந்த வாடை சொல்லில் கொஞ்சம் இருப்பதும் நல்லதே.

> துப்பிய எச்சில் வெளியில்தானே இருக்கிறது, அது எப்படி 'உள்'?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அளப்பது குப்பியில், உண்மைதான். ஆனால் அந்தப் பொருள் உருவாவது உடலுக்குள், திசுவில். 'உள்' என்றது அந்தப் பிறப்பிடத்தை. இது கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கம் என்பது எனக்கே தெரிகிறது, இருந்தாலும் சொல்லின் சுருக்கத்துக்காக விட்டுக்கொடுக்கலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'உமிழ்நீர் உட்குறிகள்', 'உட்குறித் தொகுதி', 'இந்த உட்குறியின் அளவு கூடியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.' வாயில் தடங்கலில்லாமல் வருகிறது. முதல் இடத்தில் மட்டும் 'பயோமார்க்கர் எனப்படும் உட்குறி' என்று எழுதிவிடுவேன்.

தடுக்குவது ஒரே இடத்தில். கட்டி இருப்பதைக் காட்டும் பயோமார்க்கரான டியூமர் மார்க்கருக்குக் 'கட்டி உட்குறி' என்றால் கட்டிக்கு உள்ளே ஏதோ குறி என்பதுபோல் கேட்கிறது. 'புற்று உட்குறி' என்றால் புற்றல்லாத கட்டிகள் விடுபடுகின்றன. அதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?