100 நாள் வேலைக் கூலி ஏறலை, புது வேலையும் இல்லைங்கிறாங்க. எங்கே போய்க் கேட்கிறது?

கண்மாய்க்கரை | பிப்ரவரி 2025

காரைக்குடியைத் தாண்டி ஒரு ஊராட்சி. கண்மாய் வரத்துக்கால் தூர் எடுக்கிற வேலை டிசம்பர்ல முடிஞ்சது. ஆளுக்கு மூணு என்.எம்.ஆர். (வருகைப் பட்டியல்), 6 நாள் வீதம் 18 நாள். இன்னும் காசு ஏறலை. பேங்க்ல கேட்டா “எங்களுக்கு வரலை”ங்கிறாங்க, ஊராட்சி செயலர் “மேலேர்ந்து வரணும்”ங்கிறார். புது வேலை கேட்டா “ஃபண்டு இல்லை, ஏப்ரலுக்கு மேல பார்ப்போம்”னு வாயால சொல்லி அனுப்பிடுறாங்க. தலைவர் பதவிக்காலமும் ஜனவரி 5-ஓட முடிஞ்சதால கேட்க ஆளில்லை. தெருவுல பாதிப் பேர் நகையை வச்சுத்தான் ஓட்டுறாங்க. பணம் எங்க நிக்குதுன்னு எப்படிப் பார்க்கிறது? தாமதத்துக்கு வட்டி உண்டுங்கிறது நிஜமா? வேலை இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கா?

எம்புக் | பதில்

தம்பி, “வரலை”ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள நாலு இடம் இருக்கு. எந்த இடம்னு தெரியாம அலைஞ்சா பஸ் காசுதான் செலவு.

என்.எம்.ஆர். முடிஞ்சதும் ஓவர்சியர் அளந்து எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் எழுதணும். அதை வச்சு ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கூலிப் பட்டியல் போடுவாங்க. அப்புறம் எஃப்.டி.ஓ., அதாவது பணம் மாற்றும் உத்தரவு. அதுல ரெண்டு கையெழுத்து. இதுவரைக்கும் மாநிலத்தோட பொறுப்பு, 8 நாளுக்குள்ள முடியணும். அதுக்குப் பிறகு மத்திய அரசு பணத்தை விடுவிச்சு நேரா பேங்க் கணக்குக்குப் போகணும், அதுக்கு 7 நாள். கூலிப் பணம் முழுக்க மத்திய அரசுடையது. பொருள் செலவில்தான் மாநிலம் 25 சதவீதம் போடுது.

திட்டத்தோட இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்து ஜாப் கார்டு எண்ணைத் தொட்டா அந்தக் குடும்பத்தோட முழுக் கணக்கும் திறக்கும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். மூணு விஷயம் பாருங்க. வேலை செஞ்ச நாட்கள் ஏறியிருக்கா? அந்த என்.எம்.ஆருக்கு நேரே எஃப்.டி.ஓ. எண் இருக்கா? இருந்தா அதுக்குள்ள பணம் ‘நிலுவை’யா, ‘நிராகரிப்பு’ஆ?

எஃப்.டி.ஓ. எண்ணே இல்லைன்னா தவறு ஒன்றியத்தில். அங்கே போய்ச் சண்டை போடலாம், பலன் உண்டு. எண் இருந்து நிலுவைன்னு காட்டினா டெல்லியில் பணம் விடலை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கின்னு முதல்வர் ஸ்டாலின் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினது இந்த வகைதான். பேங்க்ல எத்தனை தடவை நின்னாலும் அது நகராது.

இன்னொண்ணு. நம்ம பக்கம் பூமி சரளையும் செம்பூரானும், வெட்டக் கஷ்டமான இறுகின மண்ணு. அதை எம் புக்கில் சாதா மண்ணுன்னு எழுதிட்டா, அதே குழிக்குக் கூலி 2024-25 ரேட்டான 319 ரூபாய்க்குப் பதிலா நல்லாவே குறைஞ்சு விழும். மண் வகைக்குத் தனித்தனி ரேட் இருக்கு. அளக்கிற அன்னைக்கு பணித்தளப் பொறுப்பாளரோட நின்னு என்ன வகைன்னு எழுதுறாங்கன்னு பார்க்கணும். பில் போட்ட பிறகு மாத்துறது குதிரைக் கொம்பு.

வட்டிக்கணக்கு | பதில்

வட்டி நிஜம்தான். என்.எம்.ஆர். முடிஞ்ச 16-ஆவது நாளிலிருந்து, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் பாக்கிக் கூலியில் 0.05 சதவீதம். உங்க கணக்கையே போடுவோம்: 18 நாள் × 319 = 5,742 ரூபாய். ஒரு நாளைக்கு 2 ரூபாய் 87 காசு. 60 நாள் தாமதம்னா 172 ரூபாய். நம்ம ஊர்ப் பேச்சில் நூத்துக்கு ஒன்றரை வட்டி. வெளியே மூணு வட்டிக்கு வாங்கி அதே 5,742-ஐ ரெண்டு மாசம் ஓட்டினா 344 ரூபாய் போயிடும். சட்டப்படி முழுசா வந்தாலும் பாதிதான் தேறும்.

அந்தப் பாதியும் தானா வராது. இதுவரை கம்ப்யூட்டர் கணக்கு எடுக்கிறது எஃப்.டி.ஓ. கையெழுத்து வரைக்கும் ஆன தாமதத்தை மட்டும். டெல்லியில் பணம் விடாம கிடந்த நாட்கள் அதுல சேர்றதில்லை. ரெண்டுக்கும் சேர்த்து ஈடு கொடுக்கணும்னு 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதைக் குறிப்பிட்டு, என்.எம்.ஆர். எண், முடிஞ்ச தேதி, தொகை போட்டு பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுதிக் கொடுங்க. புகாரைப் பதிவேட்டில் ஏத்தி 7 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்லுது.

பணம் ஏன் பத்தலைன்னா, கொரோனா ஆண்டான 2020-21-ல் நாடு முழுக்க இந்தத் திட்டத்துக்குத் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடி. 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடின்னு ஆரம்பிச்சு பிறகு 86,000 ஆக்கினாங்க. அடுத்த வருஷமும் 86,000. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட்டிலும் அதே 86,000. இடையில் நம்ம கூலி 294-லிருந்து 319 ஆச்சு. கூலி ஏறி, போடுற பணம் ஏறலைன்னா வேலை நாள் தன்னால சுமார் 8 சதவீதம் குறையும். அதிலும் முதல் தவணை பழைய பாக்கிக்கே போயிடும். அறிவிக்காம வெட்டுறதுன்னா இதுதான்.

கண்மாய்க்கரை | பதில்

பார்த்தேன் அண்ணே. 11 பேருக்கு எஃப்.டி.ஓ. எண் இருக்கு, நிலுவை. ஆனா மூணு பேருக்கு ‘நிராகரிப்பு’ன்னு சிவப்புல காட்டுது. ஒரு அத்தைக்குப் பணம் ஏறிட்டதாவே காட்டுது, பாஸ்புக்கில் இல்லை.

மேப்பிங் | பதில்

அந்த அத்தை பணம் வேற கணக்கில் கிடக்கும். 2024 ஜனவரி 1-லிருந்து கூலி ஆதார் வழியாத்தான் போகுது. ஜாப் கார்டில் எழுதின கணக்கு எண்ணை அது பார்க்காது; ஆதார் கடைசியா எந்த பேங்க்கோட இணைஞ்சதோ அங்கேதான் விழும். மகளிர் உரிமைத் தொகைக்காகவோ, குழுக் கடனுக்காகவோ, தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கித் தொடங்கின கணக்குக்கோ இணைப்பு மாறியிருக்கும். ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங்’ பார்த்தா எந்த பேங்க்னு ஒரே நிமிஷத்தில் தெரியும், ஓ.டி.பி. வர, ஆதாரில் பதிஞ்ச செல்போன் கையில இருக்கணும்.

நிராகரிப்பான மூணு பேருக்கும் காரணம் அந்த வரியிலேயே இருக்கும். கே.ஒய்.சி. காலாவதி, கணக்கு முடக்கம், ஆதார் இணைப்பு அறுந்தது, இதுக்கு மேல பெரும்பாலும் இருக்காது. பேங்க்ல சரி செய்தா மட்டும் பணம் திரும்ப வராது. ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அந்தத் தொகைக்குப் புதுசா எஃப்.டி.ஓ. போடணும். இதை யாரும் சொல்றதில்லை. ஜனங்க பேங்க்கோட நின்னுடுறாங்க. பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ஜாப் கார்டில் ஒரு மாதிரி (‘மீனாள்’, ‘மீனாட்சி’) இருந்தா அதையும் அன்னைக்கே திருத்தச் சொல்லுங்க.

படிவம்ஆறு | பதில்

வேலை இல்லைங்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. அதுதான் பெரிய விஷயம்.

எழுதிக் கேட்டா 15 நாளுக்குள்ள வேலை கொடுத்தாகணும். கொடுக்கலைன்னா வேலையில்லாப் படி: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதாவது 79 ரூபாய் 75 காசு, அதுக்கு மேல பாதி. இந்தப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து கொடுக்கணும். அதனாலதான் எந்த அலுவலகமும் தேதி போட்ட ரசீது தராது. வாயால கேட்டதுக்கு எந்தப் பதிவும் கிடையாது. பதிவு இல்லைன்னா நாளைக்கு “சிவகங்கை மாவட்டத்தில் வேலை கேட்டவங்க எல்லாருக்கும் கொடுத்தாச்சு”ன்னு கணக்கு காட்டும்.

வேலை கேட்கிற விண்ணப்பம்தான் படிவம் 6. தனித்தனியா வேண்டாம், இருபது பேர் ஒரே நாளில் கொடுங்க. ஜாப் கார்டு எண், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் (தொடர்ச்சியா 14 நாளுக்குக் குறையாம) எழுதணும். தலைவர் இல்லாம தனி அலுவலர் நடத்துற காலம்ங்கிறதால நேரா ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கலாம். ரசீது தரமாட்டேன்னா ஒப்புகை கேட்டு தபாலில் அனுப்புங்க; அந்த ஒப்புகையே ரசீது. ஒரு வாரம் கழிச்சு இணையத்தில் வேலை கேட்ட தேதியைப் பாருங்க. வேலை ஒதுக்கின அன்னைக்குத்தான் கேட்டீங்கன்னு ஏத்தியிருப்பாங்க, வழக்கமான கைவேலை இது. ஒப்புகையில் இருக்கிற தேதியோட ஒப்பிட்டு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவா கொடுங்க. நகலை மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்குன்னு உள்ள குறைதீர்ப்பாளருக்கும் கொடுக்கணும்.

கோட்டையூரான் | பதில்

ஒரு எச்சரிக்கை. முதல்ல உங்க ஊராட்சி மாநகராட்சிக்குள்ள போயிருக்கான்னு பாருங்க. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோட சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர், இலுப்பக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளையும் சேர்த்தாங்க. இந்தத் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டும்தான். உள்ளே போன ஊர்ல படிவம் 6 செல்லாது. வீட்டு வரி மட்டும் நகர ரேட்டுக்குப் போகும். ஆனா சேர்றதுக்கு முன்னால செஞ்ச வேலைக்கான பாக்கியை நிறுத்த முடியாது. சேர்ந்த ஊர்க்காரங்க ஜாப் கார்டையும், இணையதளத்தில் தங்க கணக்கு இருக்கிற பக்கத்தோட ஸ்கிரீன் ஷாட்டையும் இப்பவே எடுத்து வச்சுக்கணும். ஊராட்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துட்டா பிறகு தேடுறது கஷ்டம்.