மறு: கட்டுமானப் பொம்மையா, கட்டுவிளையாட்டுப் பொருளா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முன்பள்ளிக் கல்விக்கான சொற்பட்டியலில் ‘பில்டிங் பிளாக்ஸ்’, ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் டாய்ஸ்’ ஆகிய இரண்டுக்கும் ‘கட்டுமானப் பொம்மை’ என்ற ஒரே சொல்லை இட்டுவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. பொம்மை என்றால் நமக்கு உருவம். குழந்தையின் கைக்கு வரும் முன்பே அது யானையாகவோ பெண்ணாகவோ முடிந்துவிட்டிருக்கிறது. கட்டைக்கு அந்த முடிவைக் குழந்தைதான் தர வேண்டும். ‘கட்டுமானம்’ என்ற சொல்லோ சிமெண்ட், கம்பி, ஒப்பந்தக்காரர் என்று நம்மை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்துகிறது. குழந்தை அப்பொருளைக் கொண்டு என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லை எடுத்தால் இந்தச் சிக்கல்கள் எழா என்பது என் கருத்து.

முதலில் அடுக்குவதைப் பார்ப்போம். குழந்தை மருத்துவர்கள் வளர்ச்சியை மதிப்பிட ஓர் அங்குலக் கனசதுரக் கட்டைகளைப் பயன்படுத்துவது இங்குப் பலர் அறிந்ததே. தோராயமாக ஒன்றேகால் வயதில் இரண்டு கட்டைகளையும், இரண்டு வயதில் ஆறு கட்டைகளையும், மூன்று வயதில் ஒன்பது கட்டைகளையும் குழந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும் என்பது அவர்களுடைய கணக்கு. இதில் எண்ணிக்கையைவிடக் கட்டையை வைத்தபின் கையை எடுக்கும் விதமே கவனிக்கத்தக்கது. பிடிப்பது குழந்தைக்கு எளிது; அடியிலுள்ளதை அசைக்காமல் விரல்களை விரித்து விடுவிப்பது கடினம். பிடியும் விடுதலும் கண்ணின் அளவீடும் ஒரே நொடியில் கூடிவந்தால்தான் கோபுரம் நிற்கிறது.

மூன்று வயதையொட்டி வருவது பாலம். இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மூன்றாவதை மேலே குறுக்காக வைக்க வேண்டும். இடைவெளி கூடிவிட்டால் மேற்கட்டை நடுவில் விழுந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் அதே கட்டையை எடுத்து இன்னும் அழுத்தமாக வைத்துப் பார்ப்பார்கள்; சில தடவை விழுந்த பிறகே, குறை மேற்கட்டையில் இல்லை, கால்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்று கண்டு, கால்களை நெருக்கி வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளை விட்டுவிட்டு வெற்றிடத்தை அளக்கத் தொடங்குகிற அந்தத் திருப்பத்தைக் குறிக்கப் ‘பாலமிடல்’ என்பதே போதும். நாற்புறமும் கட்டைகளால் சூழ்வதற்கு ‘அடைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டால் சாக்கடையும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘வேலியிடல்’ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது குமிழ் வைத்த நெகிழிக் கட்டைகளுக்கு வருகிறேன். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் மேலே குமிழும் உள்ளே குழலும் கொண்ட கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரியது. அதே நிறுவனம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக 1969இல் கொண்டுவந்த டூப்ளோ கட்டை, நீள அகல உயரம் மூன்றிலும் அதைப்போல் இரு மடங்கு. சிறு கைக்கு அடங்கும், வாய்க்குள் போகாது. இவற்றையும் மரக்கட்டைகளையும் ஒரே பெயரால் அழைப்பது ஏன் தவறு என்றால், இரண்டும் குழந்தைக்குக் கற்பிப்பவை வேறு. மரக்கட்டைக்குப் பிடிமானம் கிடையாது. எடை அடித்தளத்தை மீறிய கணமே சரிந்து, பிழையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். குமிழ்க்கட்டையில் பிழை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பக்கவாட்டில் நீட்டிக் கட்டலாம், கட்டியதைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கும் போகலாம். ஆனால் குமிழ்களை எண்ணிப் பொருத்தியாக வேண்டும், பிரித்தெடுக்க விரல்களுக்கு வலுவும் வேண்டும். எனவே முன்னதற்கு ‘அடுக்குகட்டை’, பின்னதற்குப் ‘பொருத்துகட்டை’ என்று இரு சொற்களை முன்வைக்கிறேன். இரண்டும் ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகைகள் என்பதால் நடுவில் ஒற்று மிகாது. மெய்ப்புத் திருத்துவோர் தயவுசெய்து ‘க்’ சேர்த்துவிட வேண்டாம்.

அடுக்குகட்டையின் ஒரு வகைக்கு மட்டும் தனிப்பெயர் தேவை. நியூயார்க்கில் 1914இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்த கட்டையில் தடிமன் ஒன்று என்றால் அகலம் இரண்டு, நீளம் நான்கு. இரண்டு அரைக்கட்டைகள் ஒரு முழுக்கட்டைக்குச் சமம் என்பதை, சுவர் ஒரே மட்டத்தில் வரவில்லையே என்று தேடும்போது பிள்ளை தானே கண்டுகொள்ளும். இதற்கு ‘அலகுக்கட்டை’ என்பது பொருந்தும். இந்தச் சிந்தனைக்கு வேர், ‘கிண்டர்கார்டன்’ முறையைத் தொடங்கிய கல்வியாளர் ஃபிரோபெல். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்க்கான நிலையத்தைத் தொடங்கிய அவர் அமைத்த விளையாட்டுப் பொருள்களில் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். அதே எட்டுத் துண்டுகள் ஒரு முறை நாற்காலியாகும், ஒரு முறை கோலம்போல் விரியும், ஒரு முறை பாதியும் காலுமாகப் பகுக்கப்படும். எட்டே துண்டுகளில் இத்தனை செய்ய முடிகிறது என்பதை, பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிக்கும் பெற்றோருக்கு யாராவது சொன்னால் நல்லது.

மணலில் சிறுவீடு கட்டி விளையாடுவதைக் குறிக்கும் ‘சிற்றிலாடல்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற யோசனை அழகானது. கலித்தொகையின் மணற்சிற்றிலும், ஆண்டாள் சிதைக்க வேண்டாம் என்று கெஞ்சும் சிற்றிலும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானவை. ஆயினும் மணலுக்கு அலகு இல்லை, எண்ணிப் பொருத்த வேண்டியதும் இல்லை. சிற்றிலில் மேலோங்கி நிற்பது வீடு நடத்தும் பாவனை. அந்த நடிப்பு விளையாட்டுக்கே அச்சொல்லை ஒதுக்கி வைப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.

பொதுச்சொல்லாகக் ‘கட்டுவிளையாட்டு’ என்பதையும், பொருளைக் குறிக்கக் ‘கட்டுவிளையாட்டுப் பொருள்’ என்பதையும் பரிந்துரைக்கிறேன். ‘கட்டு’ என்பது கட்டுமரத்தில் பிணைப்பதையும் குறிக்கிறதே என்று கேட்கலாம். குறிக்கட்டும், பொருத்துவதும் ஒருவகைப் பிணைப்புதான். மேலும் “நான் வீடு கட்டறேன்” என்று சொல்லும் குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினை அது. ‘ஆக்க விளையாட்டு’ என்பதைக் களிமண், வரைதல் முதலியவற்றையும் உள்ளடக்கும் பெரிய வகைக்கு விட்டுவிடலாம்.

காந்தம் பதித்த ஒளிபுகும் சதுரங்களும் முக்கோணங்களும் மட்டும் இந்தப் பகுப்பில் இன்னும் அடங்கவில்லை. அவற்றை அடுக்குவதும் இல்லை, அழுத்திப் பொருத்துவதும் இல்லை. விளிம்போடு விளிம்பு தானே ஒட்டிக்கொள்கிறது. ‘காந்தத் தகடு’ என்றால் இரும்புத்தகடு என்று தோன்றும். ‘காந்த ஓடு’ எனலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.