கழுத்துக் கருப்பு, பிரஷர் 134: பதினாலு வயசுப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா, காத்திருக்கலாமா?

செம்பருத்தி:
என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். உயரம் 162, எடை 78. போன வாரம் ஸ்கூல் மெடிக்கல் கேம்ப்ல பிரஷர் 134/86ன்னு சீட்டுல எழுதி, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிட்டாங்க. கழுத்தைச் சுத்தி ரெண்டு வருஷமாவே கருப்பு இருக்கு. அழுக்குன்னு நெனச்சு நானே பீர்க்கங்காய் நார் வெச்சுத் தேய்ச்சிருக்கேன். கடலைமாவு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டாச்சு. டாக்டர் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் வெறும் வயித்து சுகர், ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்), கொழுப்பு, லிவர் டெஸ்ட்னு எழுதிக் கொடுத்தார். மாமனார், "வளர்ற பிள்ளை, உயரம் போட்டா எல்லாம் வடிஞ்சுடும், ரத்தம் எடுத்துப் பயமுறுத்தாதீங்க"ங்கிறார். வீட்டுக்காரர், "குடிக்காத பிள்ளைக்கு எதுக்கு லிவர் டெஸ்ட்?"னு கேக்கிறார். என்ன செய்யலாம், சொல்லுங்க.

வைகைக்காரன்:
அம்மாடி, உங்க மாமனார் சொல்றதுல நியாயம் இருக்கு. நான் வைத்தியத்துக்கு எதிரி இல்லை, எனக்கே 54 வயசுல இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஆனா மீசை அரும்புற வயசுல உடம்பு ஊதும், அப்புறம் இழுத்துக்கும். என் தம்பி மகன் அப்படித்தான் இருந்தான், இப்போ ஒல்லிப்பிச்சான். பருவ வயசுல, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துற இன்சுலின் வேலை கொஞ்சம் மந்தமாகிறது இயற்கைன்னு டாக்டருங்களே சொல்றாங்க. இந்த நேரத்துல ரத்தம் எடுத்து 'பார்டர் சுகர்'னு ஒரு பேப்பர் வந்துட்டா, பிள்ளை நெத்தியில அது ஒட்டிக்கும். ஒரு வருஷம் பொறுங்க.

பொதிகை:
நான் குழந்தைகள் வார்டுல 17 வருஷமா நர்ஸ். ஐயா சொன்னதுல பாதி உண்மை. பருவ வயசுல இன்சுலினுக்கு உடம்பு சரியா மசியாது, எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். எடை அளவா இருக்கிற பிள்ளையோட கணையம் கொஞ்சம் கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிச்சுடும். இந்தத் தம்பிக்கு அதே சுமைமேல கொழுப்போட சுமையும் ஏறியிருக்கு. அந்தக் கழுத்துக் கருப்பு அழுக்கே இல்லை, அக்கா. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நாளா அதிகமா ஓடினா தோல் செல்கள் பெருகித் தடிச்சு, வெல்வெட் துணி மாதிரி கருக்கும். அக்குள்லயும் பாருங்க, இருக்கலாம். தேய்ச்சா தோல்தான் புண்ணாகும்.

பிரஷரை மட்டும் கேம்ப் சீட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க. 13 வயசுக்கு மேல 130/80ஐத் தாண்டினா கவனிக்கணும்தான். ஆனா பருமனான கைக்கு, பிரஷர் மெஷினோட சின்னப் பட்டையைச் சுத்தினா அளவு கூட்டியே காட்டும். பெரிய பட்டை வெச்சு, வேற வேற நாள்ல மூணு தடவை பார்த்த பிறகுதான் பிரஷர்னு சொல்லணும்.

"வடிஞ்சுடும்"ங்கிறதை மட்டும் என்னால ஏத்துக்க முடியலை, ஐயா. பதின்வயசுல அதிகப் பருமனா இருக்கிற பிள்ளைகள்ல பத்துக்கு எட்டுப் பேர் பெரியவங்களான பிறகும் அப்படியேதான் இருக்காங்க. உங்க தம்பி மகன் மீதி ரெண்டுல ஒருத்தர்.

வைகைக்காரன்:
எட்டுப் பேர் இருக்கட்டும்மா. இதய நோய்ங்கிறது என் வயசு சமாச்சாரம். பதினாலு வயசுப் பையன் வீட்ல உக்காந்து இதயம், ரத்தக்குழாய்னு பேசினா அவன் எப்படி நிம்மதியா பரீட்சை எழுதுவான்?

பொதிகை:
உங்க வயசுல தெரிய வருது, அவ்வளவுதான் ஐயா. கொரியப் போர்ல இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களோட இதயத்தைத் திறந்து பார்த்து 1953ல எழுதினாங்க. சராசரி வயசு 22. நாலுல மூணு பேருக்கு இதயக் குழாய்ல நோய் தொடங்கியிருந்தது. அப்புறம் லூசியானாவுல போகலூசாங்கிற ஊர்ப் பிள்ளைகளை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க. விபத்து மாதிரி காரணத்தால சின்ன வயசுல இறந்த 204 பேரோட குழாய்களைப் பத்தி 1998ல கட்டுரை வந்தது. எடை, பிரஷர், கெட்ட கொழுப்புன்னு எத்தனை சேர்ந்திருந்ததோ, அந்த அளவுக்குக் கொழுப்புப் படிவு கூடியிருந்தது. பையன்கிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பெத்தவங்க தெரிஞ்சுக்கணும்.

கரிசல்மண்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு படம் வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தை வெச்சுப் பார்க்கிற எடைக் கணக்கு, 22.3. யட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்புல 21.2. நம்ம ஆளுங்களுக்கு ஒரே எடையில கொழுப்பு கூட, அதுவும் வயித்துக்குள்ள. அதனாலதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்துல பெரியவங்க கணக்குல பிஎம்ஐ 23க்குச் சமமா வந்தாலே அதிக எடை, 27 வந்தா உடல் பருமன். தம்பிக்கு 29க்கு மேல வருது. ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்க. உயரத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. அவனுக்கு 81 செ.மீ.தான் எல்லை.

கடைசிபெஞ்ச்:
எல்லாரும் அளக்கச் சொல்றீங்க. அளக்கப்பட்டவன் நான் பேசறேன்.

எட்டாவதுல எங்க கிளாஸ் மொத்தத்தையும் வரிசையா நிக்க வெச்சு எடை பார்த்தாங்க. என் எடையைச் சத்தமா வாசிச்சதும் கிளாஸே சிரிச்சது. அன்னிக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கலை. சாயந்திரம் டியூஷன் விட்டு வர்ற வழியில, யாரும் பார்க்காத கடையில நாலு பரோட்டா தின்னேன். அடுத்த ஆறு வருஷம் அதே கதைதான். வீட்ல எனக்கு ரெண்டு இட்லி, தங்கச்சிக்கு நாலு. அவளுக்கு நெய், எனக்கு அட்வைஸ். நான் பீரோ பின்னாடி பிஸ்கட் பாக்கெட் ஒளிச்சு வெச்சுத் தின்ன பிள்ளை. 23 வயசுல ஃபேட்டி லிவர் (லிவர்ல கொழுப்பு), 26ல சுகர். எடையைப் பத்தி யாரும் பேசாததால இது வரலைங்க. பேசிப் பேசியே என்னை ஒளிஞ்சு சாப்பிட வெச்சாங்க. அந்தப் பையனை ஏற்கெனவே கேம்ப்ல நிக்க வெச்சுட்டாங்க. இனி டேப் வேறயா?

பொதிகை:
தம்பி, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனா அந்த எட்டாவதுலயே யாராவது உங்களை மட்டும் தனியா கூப்பிட்டு, கழுத்தைப் பார்த்து, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தா? சின்ன வயசுல வர்ற ரெண்டாம் வகை சர்க்கரை, பெரியவங்களுக்கு வர்றதைவிட முரட்டுத்தனமா போகுது. அமெரிக்காவுல பதின்வயசுலயே அது வந்தவங்களைத் தொடர்ந்து பார்த்து 2021ல வெளியிட்டாங்க. சராசரி 26 வயசுக்குள்ள 60 சதவீதம் பேருக்குக் கண், கிட்னி, நரம்புன்னு ஏதாவது ஒண்ணு பாதிச்சிருந்தது.

நல்ல செய்தியும் இருக்கு. பின்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல 6,328 பேரைச் சராசரியா 23 வருஷம் பின்தொடர்ந்தாங்க. சின்ன வயசுல பருமனா இருந்து, பெரியவங்களானப்போ அதிலிருந்து வெளியே வந்தவங்களுக்கு சர்க்கரை, பிரஷர் அபாயம் எப்பவும் பருமனா இல்லாதவங்க அளவுக்கே இறங்கியிருந்தது. அதனாலதான் இந்த வயசை விடக் கூடாதுங்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
தனியா கூப்பிட்டிருந்தா போயிருப்பேன் அக்கா. டெஸ்ட் எடுங்க. ஆனா செம்பருத்தி அக்கா, அவனுக்குன்னு தனித் தட்டு, தனிச் சாப்பாடு மட்டும் வேண்டாம். வீட்ல கூல்டிரிங்ஸ் வாங்கறதை எல்லாருக்கும் நிறுத்துங்க. 300 மில்லியில 30 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு. நடந்தா அப்பாவும் கூட நடக்கட்டும். எடை மெஷினை எடுத்துப் பரண்ல போடுங்க.

மைதானம்:
நான் உடற்கல்வி ஆசிரியர். ரத்தம் எடுக்கறதைப் பத்தி இவ்வளவு பேசறோம், அந்தப் பிள்ளை ஓட இடம் எங்க? 5 முதல் 17 வயசு வரை தினம் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒன்பதாவதுக்கு வாரம் ரெண்டு பி.டி. பீரியட்தான் கிடைக்குது. அதையும் "போர்ஷன் முடியலை சார்"னு கணக்கு டீச்சர் வந்து வாங்கிட்டுப் போறாங்க. பத்தாவது வந்தா பந்தைத் தொடவே விடறதில்லை. பள்ளிக்கூடத்துக்கு 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிஞ்சின தீனியை விக்கக் கூடாதுன்னு 2020லயே விதி போட்டாங்க. கேட்டுக்கு வெளியே வந்து பாருங்க. பையனோட ரிப்போர்ட்டைத் திருத்தறதுக்கு முன்னாடி டைம்டேபிளைத் திருத்துங்க.

பொதிகை:
நீங்க டைம்டேபிளைத் திருத்துற வரைக்கும் இவன் கணையம் காத்திருக்காது சார். ரெண்டும் வேணும்.

மைதானம்:
ரெண்டும் வேணும்னு சொல்லித்தான் எப்பவும் மைதானம் பின்னாடி போகுது. பேரன்ட்ஸ் மீட்டிங்ல மார்க்கைக் கேக்கிற யாராவது ஒருத்தர், "பி.டி. பீரியட் ஏன் நடக்கலை?"ன்னு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

கடலுக்கப்பால்:
நியூஜெர்சியில இருக்கேன். இங்கே 12 வயசுக்கு மேல, உடல் பருமனைக் குறைக்க வாரம் ஒரு செமாக்ளுடைட் ஊசிக்கு 2022 டிசம்பர்ல அனுமதி கொடுத்துட்டாங்க. 201 பிள்ளைகள்கிட்ட நடந்த ஆய்வுல பிஎம்ஐ சராசரியா 16 சதவீதம் இறங்கியிருந்தது. என் தோழியோட மகளுக்குப் போடறாங்க, நல்லாவே இருக்கா. அதையும் ஏன் யோசிக்கக் கூடாது?

வைகைக்காரன்:
பதினாலு வயசுல ஆரம்பிச்ச ஊசியை எந்த வயசுல நிறுத்தறது? அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்க.

பொதிகை:
இந்த இடத்துல நான் ஐயா பக்கம் நிக்கிறேன். நிறுத்தினா பெரியவங்களுக்கே பெரும்பாலான எடை திரும்புது. ரொம்ப முத்தின பிள்ளைக்கு டாக்டர் பார்த்து யோசிக்கலாம். இன்னும் ஒரு பரிசோதனைகூட எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

செம்பருத்தி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ரிப்போர்ட் வந்தது. வெறும் வயித்து சுகர் 104, ஹெச்பிஏ1சி 5.9, டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 212, நல்ல கொழுப்பு 34, லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 68. சர்க்கரை நோய் இல்லை, அதோட வாசப்படியில நிக்கிறான்னார் டாக்டர். லிவர்ல கொழுப்பு படிஞ்சிருக்கான்னு பார்க்க ஸ்கேன் எடுக்கணும்னார். குடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு வீட்டுக்காரர்கிட்டயே நேரா சொன்னார். வர்ற வழி முழுக்க அவர் வாயைத் திறக்கலை. பையன்கிட்ட நான் எண் எதுவும் சொல்லலை, கழுத்தை இனிமே தேய்க்க வேண்டாம்னு மட்டும் சொன்னேன். "அப்போ அது அழுக்கு இல்லையாம்மா?"ன்னு கேட்டான். ரெண்டு வருஷமா அவன் ஸ்கூல்ல காலர் பட்டனைக் கழட்டினதே இல்லைன்னு அப்போதான் எனக்குத் தெரியும்.

வைகைக்காரன்:
அம்மாடி, அந்தக் காலர் பட்டனைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வெச்சுட்டேன். டெஸ்ட் எடுத்தது சரிதான். ஆனா 'நோயாளி'ங்கிற பேரு அவன்மேல விழாம பார்த்துக்குங்க. அதுல நான் மாறலை.

செம்பருத்தி:
சரிங்க ஐயா. பொதிகை அக்கா, பிரஷர் மறுபடி பார்க்க அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்காங்க. போகும்போது என்ன கவனிக்கணும்?

பொதிகை:
மாடிப்படி ஏறின வேகத்துல பார்க்க விடாதீங்க. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காரட்டும், ரெண்டு காலும் தரையில இருக்கட்டும், அப்போ யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வலது கையில பார்க்கச் சொல்லுங்க. "பெரிய பட்டை இருக்கா?"ன்னு நீங்களே கேளுங்க, கேட்டா எடுத்துத் தருவாங்க. அளவை அவன் காதுபட வாசிக்காம சீட்டுல எழுதி உங்க கையில தரச் சொல்லுங்க.