ரன்டைம் = இயக்கநேரமா, இயங்குதுணையா?

வணக்கம்.

தரவுத்தளச் செயலிகளை விண்டோஸின் பல பதிப்புகளுக்கும் பொதிந்து அனுப்புவது பற்றிய கையேட்டைத் தமிழில் எழுதும்போது ‘ரன்டைம்’ இடறுகிறது. கலைச்சொல் பட்டியல்களில் ‘இயக்கநேரம்’ என்றிருக்கிறது. நிரல் ஓடும்போது சுழியால் வகுத்து முறிந்தால் ‘இயக்கநேரப் பிழை’ என்பது சரி. அங்கே பேச்சு நேரத்தைப் பற்றியது. ஆனால் “ஆக்சஸ் இயக்கநேரத்தை நிறுவுக” என்றால்? (ஆக்சஸ் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்.) நேரத்தை எப்படி நிறுவுவது? இங்கே அது ஒரு பொருள்: முழு ஆக்சஸ் இல்லாத கணினியிலும் செயலியை ஓட்டத் தேவையான கூறுகளின் தொகுப்பு.

என் முன்மொழிவு ‘இயங்குதுணை’. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘த்’ மிகாது, ‘இயங்குதளம்’ போல.

———

> ‘இயங்குதளம்’ போல

அதுதான் தொல்லையும். “இந்த இயங்குதளத்துக்கு அந்த இயங்குதுணை” என்று படிக்கையில் கண் வழுக்கும்.

எல்லையும் தெளிவாக இல்லை. செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவருக்கு ‘இயக்கி’ நிலைத்துவிட்டது. ஏஸ் (ஆக்சஸின் தரவுத்தளப் பொறி) ஓஎல்ஈடிபி புரொவைடரை, அதாவது செயலிக்குத் தரவை எடுத்துத் தரும் கூறை, என்ன சொல்வது? ‘வழங்கி’ என்றால் சர்வர் என்று படிப்பார்கள். இதையும் இயங்குதுணையில் அடக்கினால், பிழையைத் தேடுபவர் எதைச் சரிபார்ப்பார்? “புரொவைடர் இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை” என்ற செய்தி, பெரும்பாலும் ஏஸ் இருந்தும் 32-பிட், 64-பிட் என்ற வகை பொருந்தாததால் வருவது. டாட்நெட் செயலியை, ‘பிரிஃபர் 32-பிட்’ தேர்வு இல்லாமல், ‘எனி சிபியு’ (32, 64 இரண்டுக்கும் பொது) என்று தொகுத்தால் (கம்பைல் செய்தால்), 64-பிட் விண்டோஸில் அது 64-பிட்டாக ஓடி 64-பிட் ஏஸைத் தேடும். கணினியில் 32-பிட் ஆஃபிஸோடு வந்தது மட்டும் இருக்கும். ஏஸுக்கு முந்தைய பொறியான ஜெட் 4.0-க்கோ 64-பிட் வடிவமே கிடையாது. அங்கே ‘எக்ஸ்86’ (32-பிட்) என்று தொகுப்பது தவிர வழியில்லை.

———

எல்லை பற்றிய கேள்வி நியாயம். புரொவைடருக்குத் தனிச்சொல் வேண்டும்: ‘தரவளிப்பி’. பிட்னெஸுக்கு ‘பிட்டளவு’. மேற்கண்ட பிழைக்கு விளக்கம் இப்படி அமையும்: “தரவளிப்பியின் பிட்டளவும் செயலியின் பிட்டளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.” இயங்குதுணை என்ற சொல்லே அங்கே வராது.

கண் வழுக்குவது உண்மை. ஆனால் ‘இயக்கநேரம்’ மட்டும் இருந்தால் இந்த வாக்கியத்தை எழுத முடியாது:

“இயங்குதுணையின் கீழ், கையாளப்படாத இயக்கநேரப் பிழை ஒன்று வந்தாலே செயலி மூடிக்கொள்ளும்.”

முழு ஆக்சஸில் அதே பிழை நிரல் சாளரத்தைத் திறக்கும்; எழுதியவர் பார்த்துத் திருத்திக்கொள்வார். பயனர் கணினியில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒவ்வொரு நிகழ்வுச் செயல்கூற்றிலும் பிழை கையாளல் கட்டாயம். அனுப்பும் முன் கோப்பின் பின்னொட்டை ஏசிசிடிபி-யிலிருந்து ஏசிசிடிஆர் என்று மாற்றித் திறந்தால், முழு ஆக்சஸே இயங்குதுணை போல நடந்துகொள்ளும். தனியாக நிறுவிச் சோதிக்க வேண்டியதில்லை. மூலநிரலை நீக்கித் தொகுத்த ஏசிசிடிஇ கோப்பாக ஆக்கினால் பிட்டளவை மறக்கக் கூடாது: 32-பிட்டில் ஆக்கியதை 64-பிட் ஆக்சஸ் திறக்காது.

———

> புரொவைடருக்குத் தனிச்சொல் வேண்டும்

ஏற்கிறேன். ‘இயங்குதுணை’ மீதான எதிர்ப்பையும் விடுகிறேன். அந்த ஒரு வாக்கியம் போதும்.

‘லேட் பைண்டிங்’ (பொருளைத் தொகுக்கும்போது இல்லாமல் நிரல் ஓடும்போது பிணைப்பது) பாக்கி. ‘தாமதப் பிணைப்பு’ வேண்டாம், மெதுவாக ஓடும் என்று நினைப்பார்கள். ‘முன்பிணைப்பு’, ‘பின்பிணைப்பு’ என்ற இணை போதும். கையேட்டில் இது தவிர்க்க முடியாதது: விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இல் ஏடிஓ (தரவுத்தளத்தை அணுகும் நிரலகம்) இடைமுகங்களின் அடையாள எண்கள் மாறின. அங்கே முன்பிணைப்போடு தொகுத்த விபி6 (விஷுவல் பேசிக் 6) செயலி, விண்டோஸ் எக்ஸ்பியில் போட்டால் பழைய எண்கள் மட்டுமே இருப்பதால் விழுந்துவிடும். இணைப்புப் பொருளை ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ கட்டளை வழியே பின்பிணைப்பாக உருவாக்கினால் தப்பும். அல்லது ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய பதிப்பிலேயே தொகுக்க வேண்டும்.

‘ரீடிஸ்டிரிபியூட்டபிள்’ (செயலியோடு சேர்த்து அனுப்பத்தக்க கூறு) உரிம நிபந்தனையோடு ஒட்டிய சொல். அதைத் தனி இழையில் பேசுவோம்.