ஒரே அமர்வில் முழுதாகக் கேட்க வேண்டிய இசைத்தொகுப்புகள் எவை?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறேன். ஓட்டுநர்கள் போடும் திரைப்பாடல்களில் எனக்குத் தெரியாதவை மிகக் குறைவு. ஆனால் அவற்றில் ஒன்றையாவது கவனித்துக் கேட்டிருக்கிறேனா என்ற ஐயம் சென்ற மார்கழியில்தான் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் அம்மா கேட்டார்கள் என்பதற்காக, இளையராஜா 2005-இல் வெளியிட்ட திருவாசகத் தொகுப்பைப் போட்டுவிட்டு, விளக்கைக்கூட ஏற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "பொல்லா வினையேன்" என்று தொடங்கும் பாடல் மட்டுமே ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது. நான்கைந்து நிமிடத்தில் முடியும் பாடல்களுக்குப் பழகிய காது முதலில் அலைபாய்ந்தது. பிறகு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. பாடல் முடிந்தபோது வாசல் வெளுத்திருந்தது.

அதன் பிறகு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். அப்படி அமர்ந்து முழுதாகக் கேட்கத் தகுந்த தொகுப்புகளைச் சொல்லுங்கள். எந்த நாட்டு இசையானாலும் சரி, சொற்களே இல்லாவிட்டாலும் சரி. பெயர்களை மட்டும் அடுக்காமல், எதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

———

நொய்யல்கரை (கோவை):

திருவாசகத்திலிருந்து தொடங்கியிருப்பதால், அதே கையின் 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பான "ஹவ் டு நேம் இட்" உங்களுக்கு அடுத்த படியாக இருக்கும். தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட, பாடகர் குரலே இல்லாத இசை அது. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" என்ற பகுதியில், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம் கமகத்தோடு இன்னொரு வயலின் வந்து சேர்கிறது. முதல் முறை பாக்கை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை நம்மூர் வயலினை மட்டும். மூன்றாம் முறைதான் இரண்டையும் சேர்த்து. மூன்று முறையும் மூன்று வேறு இசைகளைக் கேட்டதுபோல் இருக்கும்.

———

தறிச்சத்தம் (சோமனூர்):

நான் சொல்லப்போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஸ்டீவ் ரைஷ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் "மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்". 1976-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 1978-இல் இசைத்தட்டாக வந்தது. ஒரே மூச்சில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் தறிக்குடோன். பிறந்தது முதல் நாடா இடமும் வலமும் அடிபடும் ஓசையில் வளர்ந்தவன் நான். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தறிகள் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தோன்றினாலும், பெல்ட்டின் இழுவையிலோ மோட்டாரிலோ உள்ள மயிரிழை வேறுபாட்டால் ஒன்று மெல்ல முந்திக்கொள்ளும். ஒன்றாக விழுந்த அடிகள் இரண்டாகப் பிளந்து, ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து, எந்தத் தறியும் தனியாக எழுப்பாத ஒரு புதுத்தாளம் கிளம்பி, சற்று நேரத்தில் இரண்டும் மறுபடி ஒன்றாகும். சிறுவனாக இருந்தபோது கட்டிலில் படுத்துக்கொண்டு, அவை மீண்டும் எப்போது சேரும் என்று காத்திருப்பேன். சேரும் நொடியில் ஏதோ நல்லது நடந்ததுபோல் இருக்கும்.

ரைஷ் 1965-இல் செய்ததும் இதுதான். தெருவில் முழங்கிய ஒரு சமயப் பிரசங்கியின் சில சொற்களை இரண்டு டேப் ரிக்கார்டர்களில் ஒரேசமயம் ஓடவிட்டு, ஒன்று மற்றொன்றை விட்டு விலகும்போது பிறக்கும் தாளத்தையே இசையாக்கினார். 1967-இல் இரண்டு பியானோக்களுக்கு அதே முறையில் எழுதினார். அதை அறிந்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை. எங்கள் குடோனில் நான் கேட்டதை உலகின் மறுகோடியில் ஒருவர் கேட்டு, அது இசைதான் என்று நம்பியிருக்கிறார்.

"18 மியூசிஷியன்ஸ்" அந்த விலகும் உத்தியிலிருந்து ஒரு படி நகர்ந்து வந்த படைப்பு. தொடக்கத்தில் 11 கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) ஒவ்வொன்றாக வந்துபோகும். பிறகு அவற்றில் ஒவ்வொன்றும் விரிந்து தனித்தனிப் பகுதியாகும். முடிவில் அந்த 11-உம் மீண்டும் வரும். அடியில் ஓடும் துடிப்பு ஒரு நொடிகூட நிற்பதில்லை. அந்தத் துடிப்பின்மேல் தாழ்ந்த சுருதிக் கிளாரினெட்டுகளும் பெண் குரல்களும் எழுந்து அடங்கும் நீளத்தைத் தீர்மானிப்பது வாசிப்பவரின் மூச்சு. மூச்சு தீரும் இடத்தில் அலை தணிகிறது. முன்னே நின்று கைகாட்டி நடத்துபவர் எவரும் இல்லை. வைப்ரஃபோன் (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் கருவி) ஒலிக்கும்போது அதையே குறிப்பாகக் கொண்டு எல்லோரும் அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த வைப்ரஃபோனைத்தான். முதல் பத்து நிமிடம் எதுவுமே மாறாததுபோல் தோன்றும். அங்கே எழுந்துவிடாதீர்கள்.

———

பவானிக்கூடல் (ஈரோடு):

சோமனூர் நண்பரின் பதிவை இரண்டு முறை படித்தேன்.

என் பங்குக்கு மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் புளூ", 1959. ஜாஸ் புரியாது என்று ஒதுங்குபவர்களுக்கும் கர்நாடக இசை கேட்டவர்களுக்கு ஒரு வாசல் அதில் திறந்திருக்கிறது. முதல் பகுதியான "ஸோ வாட்" முழுவதும் ஒரே சுரவரிசையில் நடக்கிறது. அது நம் கரகரப்பிரியாவின் ஏழு சுரங்கள். ராகத்தின் பிடிகளையோ கமகங்களையோ எதிர்பார்க்க வேண்டாம், சுரங்கள் மட்டுமே அவை. ஆதி தாளம் போட்டுக்கொண்டு எண்ணினால், எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழு வட்டம்) ஓரிடத்தில் நின்று, நான்கு ஆவர்த்தனத்துக்கு எல்லாம் அப்படியே அரைச்சுரம் மேலேறி, மறுபடி நான்குக்குக் கீழிறங்கும். இந்தச் சுற்றுத்தான் மீண்டும் மீண்டும் வருகிறது. டேவிஸின் டிரம்பெட், கோல்ட்ரேன், ஆடர்லி ஆகிய இருவரின் சாக்ஸஃபோன்கள், பில் எவன்ஸின் பியானோ என்று ஒருவர்பின் ஒருவராக அந்தச் சுற்றுக்குள் கற்பனை செய்கிறார்கள். ஏறும் இடத்தை அவரவர் எப்படிக் கடக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

சுருதியில் அக்கறை உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. 1959 மார்ச் 2 அன்று நடந்த பதிவில் முதன்மை ரிக்கார்டர் சற்று மெதுவாக ஓடியதால், இயல்பான வேகத்தில் ஓடவிடும்போது இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் உண்மைச் சுருதியைவிடக் கொஞ்சம் உயர்ந்தே ஒலித்தது. அன்று உடன் ஓடிய மற்றொரு ரிக்கார்டரின் நாடாவிலிருந்து 1992-இல்தான் அதைச் சரிசெய்தார்கள். ஆகவே பழைய தட்டோடு சேர்த்துத் தம்பூராவை மீட்டிப் பார்ப்பவர்கள் தம் காதின்மீது ஐயம் கொள்ள வேண்டாம்.

———

கொறங்காடு (காங்கயம்):

ஒரு சிறு மாற்றுக் கருத்தோடு வருகிறேன். ஹெட்ஃபோனில் ஒலி தலைக்குள்ளேயே நிற்கிறது. ஸ்பீக்கரில் அது நமக்கு எதிரே வந்து உட்காருகிறது. முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு, சின்ன ஸ்பீக்கரிலேனும் கேளுங்கள்.

தொகுப்பு: "கால் ஆஃப் த வேலி", 1967. சந்தூரில் (கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் கருவி) சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிட்டாரில் பிரிஜ் பூஷண் காப்ரா. காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள், விடியல் முதல் இரவு வரை, அந்தந்த வேளைக்குரிய ராகங்களில் செல்கிறது. விடியலில் வரும் ஆஹிர் பைரவ் நம் சக்கரவாகத்துக்கு நெருங்கிய உறவு; பின்னே வரும் பூப் நம் மோகனம்.

என் அப்பாரு கொறங்காட்டில் செம்மறி மேய்த்தவர். கிளுவை வேலிக்குப் பக்கத்தில் நின்று, கொழுக்கட்டைப் புல்லுக்குள் ஆடுகள் நகரும் சத்தத்தை வைத்தே எந்த ஆடு எங்கே நிற்கிறது என்று சொல்வார். முதன்முறை இத்தொகுப்பைக் கேட்டபோது, காஷ்மீரத்தைப் பார்த்திராத எனக்கு அப்பாருவின் படலும் பட்டியும்தான் கண்முன் வந்தன.

நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் உடுக்கடிப் பாட்டாக அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தபோது, அது 18 இரவுகள் நடந்தது.

———

வாய்க்கால்மேடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் கேட்டுவிட்டேன். "ஸோ வாட்" ஏறும் இடம் முதல் இரண்டு நாளும் பிடிபடவே இல்லை. தொடையில் தாளம் தட்டித் தட்டி மூன்றாம் நாள் இரவு பிடித்துவிட்டேன், பில் எவன்ஸ் வாசிக்கும்போது. காங்கயத்து அண்ணன் சொன்னபடி சந்தூரை ஸ்பீக்கரில் கேட்டோம். அம்மாவும் உடன் அமர்ந்து கடைசிவரை கேட்டார்கள்.

ரைஷ் எனக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. முதல் இருமுறை பாதியில் எழுந்துவிட்டேன். மூன்றாம் முறை வைப்ரஃபோனுக்காகக் காத்திருந்தபோது, அது ஒலித்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் சோமனூர் அண்ணன் சொன்ன அந்தச் சேரும் நொடியை நேரில் கேட்டால்தான் எனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் குடோனுக்கு வரலாமா?

———

தறிச்சத்தம்:

கட்டாயம் வாருங்கள். ஆனால் ஞாயிறு வேண்டாம், அன்று தறி ஓடாது. வேலைநாள் ஒன்றில் விடுப்பெடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். முதலில் இரண்டு தறிகளை மட்டும் ஓட்டிக் காட்டுகிறேன்.