அவலாஞ்சி, எமரால்டு ஓடைகளில் ட்ரவுட்டுக்கு ஒட்டுண்ணி பரவாமல் இருக்க பூட்ஸ், வலையை எப்படிச் சுத்தம் செய்வது?

குந்தா தூண்டில்:
வணக்கம். வெளிநாட்டிலும் இமாச்சலிலும் தூண்டில் போட்டவர்கள் அதே வேடர்ஸ் (ஓடையில் இறங்க அணியும் நீர்புகா உடை), அதே ஃபெல்ட் அடி (அமுக்கிய இழைத் துணி அடி) பூட்ஸோடு நேரே நம் ஓடைகளில் இறங்குகிறார்கள். உப்புத் தண்ணீர் போதும் என்கிறார்கள் சிலர், ப்ளீச்சிங் பவுடர் என்கிறார்கள் சிலர். மழைக்காலத்தில் இங்கே எதுவும் காய்வதும் இல்லை. எது உண்மையில் வேலை செய்யும்? அளவோடு சொல்லுங்கள். இன்னொன்று, மீனின் துடுப்படியில் தட்டையாக, வட்டமாக ஒட்டிக்கொண்டு நகர்வது என்ன?

மேல்பவானி:
முதலில் சேறு போக வேண்டும் சார். சேறு ஒட்டியிருக்கும்வரை எந்த மருந்தும் உள்ளே இறங்காது. ஓடையை விட்டு ஏறும் இடத்திலேயே கெட்டி பிரஷ்ஷால் பூட்ஸ் அடி, லேஸ் மடிப்பு, வலை முடிச்சு எல்லாம் தேய்த்து, அதே ஓடைத் தண்ணீரில் அலசுங்கள். வீட்டில் கழுவினால் அந்தச் சேறு சாக்கடை வழியாக வேறு ஓடைக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது வெந்நீர். பிரிட்டனில் தூண்டில்காரர்களுக்குச் சொல்லும் அளவு 45 டிகிரி, 15 நிமிடம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு பங்கு கொதிநீர், ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் சுமார் 53 வரும். குளிர்ந்த பூட்ஸ் உள்ளே போனதும் வேகமாக இறங்கும் என்பதால் வாளியை மூடி வையுங்கள், தெர்மாமீட்டரால் பாருங்கள். கொதிநீரை நேராக வேடர்ஸ் மேல் ஊற்றினால் தையல் பட்டி கழன்றுவிடும்.

வெந்நீருக்கு மசியாதது சுழல் நோய் என்னும் ட்ரவுட் ஒட்டுண்ணி நோயின் வித்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நோய் இது. குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று, வாலைக் கறுக்க வைத்து, வட்டமடித்து நீந்த வைக்கும். அதிகம் பாதிக்கப்படுவது நம்மிடம் இருக்கும் ரெயின்போ ட்ரவுட்தான். பிரவுன் ட்ரவுட் ஓரளவு தாங்கும். அந்த நாடுகளில் பயன்படுத்திய பொருள் என்றால் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) குளோரினில் 15 நிமிடம் ஊற வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 100 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் இந்த அளவு வரும். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டருக்கு 17 கிராம். கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும், புதுப் பாக்கெட்டே வாங்குங்கள். ரீலை இதில் போடாதீர்கள், அரித்துவிடும். ஓடைக்கரையில் இதைச் செய்யவே கூடாது. கொஞ்சம் குளோரின் தண்ணீரில் கலந்தாலும் மீன் செத்துவிடும்.

உப்பு இந்த வித்துகளை ஒன்றும் செய்யாது.

பைக்காரா வாசி:
மேலே சொன்னதெல்லாம் சரிதான் அண்ணா. ஆனால் பூட்ஸைவிடப் பெரிய வழி, மீனையே ஒரு ஓடையிலிருந்து எடுத்து இன்னொரு ஓடையில் விடுவது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உயிர் இரையும் வேண்டாம். மீனைச் சுத்தம் செய்த குடல், தலை, செவுளை ஓடையில் வீசாமல் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆழமாகப் புதையுங்கள். சுழல் நோய் வித்து தலையில்தான் அதிகம் தங்கும், பறவை தின்றாலும் அதன் வயிற்றில் சாகாமல் வெளியே வரும்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மீன் பேன், ஆர்குலஸ். சில மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு கரும்புள்ளிக் கண்கள் தெரியும், மீனை விட்டு நீந்தியும் போகும். பெண் பேன் கல்லிலும் குச்சியிலும் வரிசையாக முட்டையிடும், அதனால் மீனிலிருந்து பிடுங்கிப் போட்டால் மட்டும் தீராது. ஓடும் ஓடையில் மருந்து போடவும் வழியில்லை. இரண்டு மூன்றைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு, தேதி, ஓடை, இடம் எழுதி ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். நங்கூரப் புழு என்றால் நூல் மாதிரி தோலிலிருந்து தொங்கும், நகராது.

குந்தா தூண்டில்:
ரொம்ப நன்றி. ஃபெல்ட் அடியை விட்டுவிடலாமா?

மேல்பவானி:
விட்டுவிடுங்கள் சார். ஃபெல்ட் இழைக்குள் போன சேறு பிரஷ்ஷுக்கு வராது, ஆடி மாதத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஆணி வைத்த ரப்பர் அடி போதும். ஒரே நாளில் இரண்டு ஓடை என்றால் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள்.

எமரால்டு கரை:
ஒன்று சேர்க்கிறேன். சுழல் நோய் ஒட்டுண்ணி மீனுக்குப் போகும் முன் தங்கி வளரும் இடைவீடு டியூபிஃபெக்ஸ் என்னும் சேற்றுப் புழு. எருவும் வண்டலும் படிந்த சேற்றில்தான் அது பெருகும். கேரட், உருளைத் தோட்டத்து மண் ஓடையில் இறங்கும் இடங்களில் கரையோரம் சில அடிக்குப் புல்லைக் கொத்தாமல் விட்டு, வாய்க்கால் முடிவில் ஒரு வண்டல் குழி வெட்டினாலே புழுவுக்கு இடம் குறையும். மழைக்கு முன்னும் பின்னும் குழியை அள்ள வேண்டும், நிரம்பிய குழி எதையும் தடுக்காது.